காபிக் கோப்பையின் அடியில் கறுப்புக் கோடு

கழுவி வைத்த காபிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாமல், சொரசொரப்பாக ஒரு வெள்ளை வளையம் இருக்குமே, அதன்மேல் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். யாரோ பென்சிலால் கிறுக்கி வைத்ததுபோல. கட்டைவிரலால் தேய்த்தேன். விரலில் கறுப்பு ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசனை.

மாம்பழக் காலம். உப்பளக் காற்றும் ஓய்ந்துபோய், தெருவே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் மத்தியான நேரம். கோப்பையும் கையுமாக நான் அடுப்படியில் நிற்கும்போதே பின்வாசலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ர்... சர்ர்... நிற்கும். மறுபடி சர்ர்...

எட்டிப் பார்த்தேன். என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். காலிடுக்கில் இன்னொரு கோப்பை கவிழ்ந்து கிடந்தது. அதன் அடி வளையத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டு, மீன் வெட்டும் கத்தியைச் சாய்வாக வைத்துப் பிடியிலிருந்து நுனிவரை இழுத்தார். திருப்பினார். மறுபக்கம் இழுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார்.

"என்ன செய்யுதிய?"

சத்தம் நின்றது. பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்துக் கத்தியின்மேல் போட்டார்.

"ஒண்ணுமில்லளா. சும்மா."

சும்மா இருக்கிறவர் எதற்கு மூட வேண்டும்? மற்ற நாளாக இருந்தால் நான் இதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அது மற்ற நாள் இல்லை. எங்கள் மகள் வீட்டுக்குள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தாள்.

ஒற்றைப் பையுடன் வந்தவள்

இந்தத் தொடரை நடுவிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நாசரேத்தில் படித்து, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கணவர் ஞானதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்களுக்கு ஒரே பெண், எப்சி. பிசியோதெரபி படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். அங்கேயே ரெக்ஸ் என்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். சாத்தான்குளம் பக்கத்துக் குடும்பம். பார்க்க அமரிக்கையான பையன்.

ஒரு நாள் காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் ஒற்றைப் பையுடன் எப்சி வாசலில் நின்றாள். அந்த வெயிலில் மணிக்கட்டுவரை மூடிய சுடிதார்.

"லீவு போட்டுட்டு வந்தேம்மா" என்றாள். உள்ளே போய்ப் படுத்தாள். போனை அணைத்து வைத்துவிட்டாள்.

அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது பார்த்தேன். முழங்கைக்கு மேலே நீலம் பாரித்த நாலு தடங்கள்.

"கதவுல இடிச்சிட்டேன்" என்றாள்.

எந்தக் கதவுக்கு நாலு விரல் இருக்கிறது?

அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் பேசவில்லை.

கோபம் வந்தால் கத்துகிற ஆண்களைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. கத்தி முடித்ததும் காபி கேட்பார்கள். இவர் கத்தவில்லை. கத்தி தீட்டினார்.

சந்தேகம் எங்கள் ஊர்க் குணம்

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் யார்தான் இல்லை? மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. உடன்குடிக் கருப்பட்டி என்று சொன்னால் ஒரு சில்லை உடைத்து வாயில் போட்டு, சீனி கலந்திருக்கிறானா என்று நாக்கால் விசாரித்த பிறகுதான் அடுத்த பேச்சு. முத்து என்று ஒருவர் நீட்டினால், வாங்குவதற்கு முன்னால் பல்லில் தேய்த்துப் பார்க்கிற ஊர் இது.

போதாததற்கு நான் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தே வயதானவள். 'எக்ஸ்ரே டீச்சர்' என்று பிள்ளைகள் எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு முறை ஒருத்தி பரீட்சை முழுக்க உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கச் சொல்லி, பென்சில் பெட்டி, தலைப்பின்னல், காலணி எல்லாம் சோதித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள், "டீச்சர், பல்லி விழுந்துரும்னு பயமா இருக்கு." தலைக்கு மேலே உண்மையிலேயே ஒரு பல்லி.

ஆனால் கோப்பையின் அடியில் இருந்தது பல்லி இல்லை.

தீட்டாத பொருள் இல்லை

அதற்குப் பிறகு என் கண் சும்மா இருக்கவில்லை. வீட்டில் எங்கெல்லாம் சொரசொரப்பு இருந்ததோ அங்கெல்லாம் கத்தி போய் வந்திருந்தது.

குரோட்டன்ஸ் வைத்திருந்த மண் தொட்டியின் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. குளியலறைக்கு ஒட்டியதுபோக மிச்சமிருந்த டைல்ஸ் ஓடு ஒன்று பின்வாசலில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகு முழுக்கச் சாம்பல் நிறக் கீறல். துணி துவைக்கிற கல்லின் மூலையில் ஈரமான கறுப்புச் சேறு. அவருடைய பழைய தோல் பெல்ட்டைக் கொய்யா மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, நாவிதர் சவரக்கத்தியைத் தீட்டுவதுபோல மேலும் கீழுமாகத் தீட்டியிருந்தார். அடுப்படியில் இருந்த பெரிய கத்தியின் முதுகில் சின்னக் கத்தியை உரசியதற்கும் அடையாளம் இருந்தது.

தெருவில் சாணை பிடிக்கிறவர் வண்டியோடு வந்தபோது ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சாணைக்காரரு வந்திருக்காரு. கொடுத்துருவோமா?"

"வேண்டாம். அவன் தீட்டித்தான் கெட்டுப் போச்சு" என்றார்.

எப்போது கொடுத்தார்? எனக்குத் தெரியாமல் எதற்குக் கொடுத்தார்?

ஒரு நாள் பக்கத்து வீட்டு விமலா மூச்சிரைக்க வந்து நின்றாள். "டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க. சார் எங்க கார்கிட்ட கத்தியோட நிக்காரு!"

போய்ப் பார்த்தால், அவர்கள் காரின் ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருக்க, அதன் மேல் விளிம்பில் கத்தியை வைத்து நிதானமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"கண்ணாடி ஓரம் நல்லாத் தீட்டும்னு துறைமுகத்துல ஒரு டிரைவர் சொன்னான்" என்றார், விமலா ஏதோ அதைத்தான் கேட்டதுபோல.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் காரைத் தெருவின் அந்தக் கோடியில் நிறுத்தினார்கள்.

தீட்டியதும் சோதித்துப் பார்ப்பார். குப்பைக் கூடையில் செய்தித்தாள் இடியாப்பம் போல நீள நீளமாகக் கிடக்கும். இடது முன்கையில் அங்கங்கே மயிர் மழிந்து வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. கூர் பார்க்கிறேன் என்று கையிலேயே மழித்துப் பார்த்திருக்கிறார். கூருக்குக் குறைச்சல் இல்லை. வெங்காயம் நறுக்கப் போய் என் சுண்டுவிரல் அறுந்தது எனக்கே தெரியவில்லை. வெங்காயம் சிவந்த பிறகுதான் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் சொன்னார், "இந்தக் கத்தி மழுங்கிட்டுளா. மீன் ஆய முடியல."

எனக்கு வந்ததே கோபம். கட்டுப்போட்ட விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இதுவா மழுங்கிட்டு?"

விரலைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது.

"ஒனக்கு வெட்டுது. எனக்குல்லா வெட்ட மாட்டேங்குது" என்றார்.

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன்.

கூட்டிப் பார்த்தால் ஒரே விடை

கத்தி மட்டும் என்றால் விட்டிருப்பேன். ஆளே மாறிக்கொண்டிருந்தார்.

சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்துகிற மனிதர், பட்டன் சட்டையை விட்டுவிட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறினார். கேட்டால், "வெக்கையா இருக்கு." பைக்கை எடுக்கவே இல்லை. "நடந்தா நல்லதுன்னு சொல்லுதாங்க." சோற்றைக் கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். அதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். பின்கதவின் மேல் தாழ்ப்பாள் எப்போதுமே ரொம்ப இறுக்கம். அதை அவர்தான் எப்போதும் போடுவார். காலையில் எழுந்து பார்த்தால் அது போடாமல் கிடந்தது.

கடைத்தெருப் பாத்திரக்கடை அண்ணாச்சி ஒரு நாள் போன் செய்தார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதிய. சார் வாங்கிட்டுப் போன புதுக் கத்திய டூப்ளிகேட்டுன்னு சொல்லிச் சண்டை போடுதாரு. நா அவரு முன்னாலயே தக்காளிய வெட்டிக் காட்டுனேன். அதுக்கு, 'நீ வெட்டுனா வெட்டும்வே, ஏதோ மந்திரம் வச்சிருக்க'ங்காரு. வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

புதுக் கத்தி. அதை நான் கண்ணாலும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். பேசாத மனிதர், மறைத்து வைத்த புதுக் கத்தி, திறந்து கிடக்கும் கதவு, பாக்கெட்டுக்குள் போன கை. கணக்கு டீச்சராக இருக்க வேண்டிய அவசியமில்லை. விடை ஒன்றுதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரெக்ஸின் பெரியப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரும் ரெக்ஸும் வருகிறார்களாம். உட்கார்ந்து பேசி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்.

அவரிடம் சொன்னேன்.

"வரட்டும்" என்றார் என் கணவர்.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலில் சர்ர் என்று சத்தம் கேட்டது.

எப்சியிடம் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "ஒங்கப்பா கத்தி தீட்டிக்கிட்டே இருக்காரு. எனக்கென்னவோ பயமா இருக்குளா."

அவள் சுவரைவிட்டுத் திரும்பவில்லை. "தீட்டட்டும்" என்றாள்.

அரிசி டின்னுக்குள்

ஞாயிறு காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், வீட்டில் இருந்த அத்தனை கத்தியையும் எடுத்தேன். மீன் கத்தி, காய்கறிக் கத்தி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்திகூட. எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்தேன். அரிவாள்மனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தையல் கத்தரிக்கோலை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவரும் போகவில்லை.

புதுக் கத்தி மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

மத்தியானம் கார் வந்து நின்றது. முதலில் பெரியப்பா இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய மாம்பழம். பின்னால் ரெக்ஸ். அவன் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்ததைப் பார்த்தபோது, இவனா என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்தது.

ஹாலில் உட்கார்ந்தார்கள். என் கணவர் எதிரே உட்கார்ந்தார். எப்சி அறையைவிட்டு வெளியே வரவில்லை. கதவு மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

பெரியப்பா நல்ல மனிதர். இப்படிப்பட்ட வேலைகளை முன்பும் செய்திருக்கிறார் என்று தெரிந்தது. வெயிலைப் பற்றிப் பேசினார். மழை இல்லாமல் பனங்காடு காய்வதைப் பற்றிப் பேசினார். பிறகு பையைத் திறந்தார்.

"நம்ம தோட்டத்துப் பழம். முதல்ல ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிடுவோம். இனிப்ப வாயில வச்சிக்கிட்டுப் பேசுனா பேச்சும் இனிப்பா இருக்கும். மதினி, ஒரு கத்தி கொண்டாங்க."

நான் அடுப்படிப் பக்கமே திரும்பவில்லை.

"கத்தி... இல்ல."

"இல்லையா?"

"இருந்துச்சு. சாணைக்குக் கொடுத்திருக்கு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோல எனக்கு இருந்தது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று எழுந்தார்.

பின்வாசலுக்குப் போனார். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. நான் அங்கே தேடவில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தாளை உதறினார். புதுக் கத்தியின் விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் ஓடியது.

ரெக்ஸ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

"பிடிச்சிக் காட்டுங்க"

அவர் உட்காரவில்லை. வலது கையில் கத்தியோடு ரெக்ஸுக்கு முன்னால் நின்றார். மேசையில் இருந்த மாம்பழத்தை அவர் பார்க்கவே இல்லை.

"சொல்லுங்க. என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அந்த 'வரட்டும்' தவிர, இத்தனை நாளில் இந்த விஷயமாக அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"ஒண்ணுமில்ல மாமா. சின்ன வாய்ச்சண்டை. கோவத்துல லேசாக் கையப் பிடிச்சேன். அவ்வளவுதான். அத அவ பெருசாக்கிட்டா."

"லேசாவா?"

"ஆமா மாமா."

இடது கையை அவனுக்கு முன்னால் நீட்டினார். அங்கங்கே மயிர் மழிந்த, வெள்ளைத் திட்டு விழுந்த கை.

"எப்படிப் பிடிச்சீங்கன்னு எங்கையில பிடிச்சிக் காட்டுங்க."

ரெக்ஸ் பெரியப்பாவைப் பார்த்தான். நடுவில் போக நான் எழுந்தேன்.

"பிடிச்சிக் காட்டுங்க" என்றார் மறுபடியும். ஒரு அடி முன்னால் வைத்தார்.

அப்போது கத்தி விழுந்தது.

அவர் எறியவில்லை. யாரும் தட்டிவிடவும் இல்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து தானாக நழுவி, ரெக்ஸின் கால் பக்கத்தில் தரையில் பட்டு 'ணங்' என்று துள்ளி விழுந்தது.

ரெக்ஸ் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு எழுந்து சுவரோடு ஒட்டினான். "பாத்தியளா பெரியப்பா! என்னக் குத்த வாராரு! நீங்களே சாட்சி!"

பெரியப்பா எழுந்தார். நான் என் கணவரின் தோளைப் பிடித்தேன். அவர் இது எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. குனிந்து கத்தியை எடுக்கப் பார்த்தார். விரல்கள் கத்தியின் பிடியைத் தொட்டன. கத்தி டைல்ஸ் தரையில் சுழன்றது. மறுபடி தொட்டார். மறுபடி சுழன்றது. வழுவழுப்பான தரையிலிருந்து ஒரு கத்தியைக் கிள்ளி எடுக்க அவரால் முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடுவதுபோல அலைந்தன.

நாங்கள் மூன்று பேரும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கையைப் பார்த்தவள் எப்சி மட்டும்தான்.

எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்துத் தள்ளி வைத்தாள். அவர் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினாள். அங்கே ஒரு குழி இருந்தது. கைகுலுக்கும்போது புடைத்துக்கொண்டு நிற்க வேண்டிய தசை வற்றிப்போய், தோல் உள்வாங்கியிருந்தது. பக்கத்தில் படுக்கிற எனக்கு அது தெரியவில்லை.

"அம்மா, அந்தப் பேப்பர எடு."

கத்தி சுற்றியிருந்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்தாள். "அப்பா, கட்ட விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல இத இறுக்கிப் பிடிங்க. நா இழுப்பேன். விடாதீங்க."

இடது கையில் பிடித்தார். அவள் இழுத்தாள். தாள் கிழிந்தது. வலது கையில் பிடித்தார். அவள் சும்மா இழுத்தாள். வெண்ணெயிலிருந்து வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்டு விரலு மரத்துப் போவுதாப்பா?"

"ஆமா. கொஞ்ச காலமாவே. மொதல்ல தூங்கி எந்திரிக்கும்போதுதான் இருந்துச்சு."

"பட்டன் போட முடியுதா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"கத்தி மேலதான் குத்தம்னு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "அப்பறம் சொல்லலாம்னா, நீ ஒன் வேதனையில கெடந்த."

சுவரோரம் நின்ற ரெக்ஸுக்குப் பொறுக்கவில்லை. "எப்சி, இங்கன நா ஒருத்தன் ஒன்னக் கூட்டிட்டுப் போவ வந்து நிக்கேன்."

அவள் நிமிரவில்லை. அப்பாவின் முழங்கையை மடக்கி, உட்பக்க எலும்பின் பக்கத்தில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வசதியாகச் சுடிதார்க் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தாள். நீலம் மாறி மஞ்சளும் பச்சையுமாக நாலு தடம், பட்டப்பகலில், எல்லாருக்கும் தெரிந்தது.

"நா அப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போவணும். நீங்க கெளம்புங்க" என்றாள்.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எந்திரி, போவோம்" என்றார் ரெக்ஸிடம். அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

"பெரியப்பா, இன்னும் பேசவே..."

"நடலே!"

போகும்போது பெரியப்பா வாசலில் நின்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

கண்ணாடிக் கூண்டின் கைப்பிடி

மதுரை டாக்டர் கையை விட்டுவிட்டு முழங்கையைப் பார்த்தார். மின்சாரம் கொடுத்து நரம்பைச் சோதித்தார்கள்.

"ரொம்ப வருஷம் முழங்கைய ஊன்றியே வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார்.

கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், நாற்காலியின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அவர் வாழ்க்கையே போனது. அவர் கைக்குத் துறைமுகத்தில் ஒரு பேர் உண்டு. பாதி திறந்த தீப்பெட்டியைத் தரையில் வைத்து, அத்தனை உயரத்திலிருந்து தொங்குகிற கொக்கியின் நுனியால் அதை மூடச் சொல்லிப் பந்தயம் வைப்பார்கள். பெட்டி நசுங்காமல் மூடிக் காட்டுவாராம். அந்தக் கை தன்னைவிட்டுப் போகும் என்று அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? கத்தியைச் சந்தேகப்பட்டார். சாணைக்காரரை, பாத்திரக்கடை அண்ணாச்சியை, மீனின் தோலைக்கூடச் சந்தேகப்பட்டார்.

முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தது. சின்ன அறுவை சிகிச்சைதான். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் வற்றிய தசை திரும்பியிருக்காது என்று டாக்டர் சொன்னார்.

கை மெதுவாகத்தான் திரும்பியது. எப்சி அவரை விடவில்லை. துணி காயப்போடுகிற கிளிப்பைக் கிள்ளச் சொன்னாள். சப்பாத்தி மாவை உருட்டிக் கொடுத்துப் பிசையச் சொன்னாள். "டீச்சர் மவளா, இல்ல போலீஸ்காரியா?" என்று முனகிக்கொண்டே செய்தார். பிறகு எங்கள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட்டில் அவள் கல்யாணம் முடிவுக்கு வர நாளாயிற்று. பெரியப்பா வந்து, தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் ஆய்வது மறுபடி அவர்தான். சீலா மீன் என்றால் துண்டு கொஞ்சம் கோணலாக விழும். மேல் பட்டனை மட்டும் நான் போட்டுவிட வேண்டும். கையில் விழுந்த அந்தக் குழி முழுதாக நிரம்பவில்லை. விமலாவின் கார் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். முன் சீட்டில் எப்சி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டயபுரம் தாண்டியிருந்தோம். வெளியே வெயிலில் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

"அன்னைக்கு அவனுக்கு முன்னால கத்தியோட போய் நின்னியள்லா. கையி சரியில்லாததனால கத்தி விழுந்துட்டு, சரி. ஆனா உண்மையச் சொல்லுங்க. அந்த நெனப்பு இருந்துச்சா, இல்லையா?"

ஒரு லாரி எதிரே வந்து கடந்து போகும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு" என்றார்.

"அப்பறம்?"

"கை வரலளா."

கத்தியைப் பிடிக்க வராத கையைச் சொல்கிறாரா, குத்த வராத கையைச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். என் எக்ஸ்ரே கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கட்டுப்போட்ட அவர் கையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தது.